கணக்கு வகுப்பில் நோட்டும் பேனாவும் முதலில் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வரி விளம்பரப் பக்கத்தில் "டேலி தெரிந்த கணக்காளர் தேவை, செவ்வாய்ப்பேட்டை", "ஜிஎஸ்டி பில் போடத் தெரிந்தவர் தேவை, கொண்டலாம்பட்டி" என்கிற மாதிரி விளம்பரங்கள் அடிக்கடி வருகின்றன. அதைப் பார்த்துவிட்டுப் பயிற்சி மையங்களில் போய்ச் சேருகிறவர்கள் சேலத்தில் நிறையப் பேர். நானும் அப்படிச் சேர்ந்தவள்தான். பகலில் குகை பக்கம் ஒரு நூல் கடையில் வேலை, சாயங்காலம் கணக்கு வகுப்பு. வகுப்பில் என்னோடு உட்காருகிறவர்களும் இப்படித்தான்: விசைத்தறிக் கூடத்தில் மேஸ்திரியாக இருக்கும் ஓர் அண்ணன், ஜவுளிக் கடை கல்லாவில் இருக்கும் ஓர் அக்கா, ப்ளஸ் டூவில் அறிவியல் எடுத்துவிட்டு மேலே படிக்க முடியாமல் போன தம்பி தங்கைகள். இவர்கள் எல்லாருக்காகவும் சேர்த்து ஒரு விஷயம் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு.

ஆரம்பக் கணக்குப் பாடத்தைக் கம்ப்யூட்டரில் இருந்து தொடங்காதீர்கள். முதலில் நோட்டில், பேனாவால், நடவடிக்கைகளைத் தேதிவாரியாக எழுதும் குறிப்பேடும், அவற்றைக் கணக்கு வாரியாகப் பிரித்து எழுதும் பேரேடும் எழுதிப் பழகட்டும். அதற்கான உதாரணங்களை நம்ம ஊர் வியாபாரத்தில் இருந்து எடுங்கள். பயிற்சி மையம் நடத்துபவர்களும் மாலைநேரக் கல்லூரி ஆசிரியர்களும் இதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

இப்போது பல இடங்களில் என்ன நடக்கிறது என்றால், சேர்ந்த வாரமே டேலி என்கிற கணக்கு மென்பொருளின் திரை முன்னால் உட்கார வைத்து எஃப்4 கான்ட்ரா, எஃப்5 பேமென்ட், எஃப்6 ரிசிப்ட், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ் என்று பட்டன்களை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். விரல் வேகமாகப் பழகிவிடுகிறது. ஆனால் "கடைக்கு 12,000 ரூபாய்க்குத் தராசு வாங்கினால் அது கொள்முதலா, சொத்தா?" என்று கேட்டால் பாதி வகுப்பு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறது. அவர்கள் மேல் தப்பே இல்லை. சாமான் வாங்கினால் எஃப்9 என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், தராசும் வாங்கின சாமான்தானே! விற்பதற்கு வாங்கினால்தான் கொள்முதல், கடையில் வைத்துப் பயன்படுத்த வாங்கினால் சொத்து என்பதை யாரும் சொல்லவில்லை.

இதையே கையால் எழுதினால் எப்படி விளங்குகிறது என்று பாருங்கள். செவ்வாய்ப்பேட்டையில் ஒருவர் 1,00,000 ரூபாய் முதல் போட்டு ஜவ்வரிசிக் கடை திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 12,000க்குத் தராசு வாங்குகிறார். 30,000 ரூபாய்ச் சரக்கு கடனுக்கு எடுக்கிறார். வாடகை 5,000 ரொக்கமாகக் கொடுக்கிறார். அதில் 20,000 ரூபாய்ச் சரக்கை 26,000க்கு, அதுவும் கடனுக்கே விற்கிறார். மாதக் கடைசியில் கையில் ரொக்கம் 83,000, தராசு 12,000, மீதிச் சரக்கு 10,000, வரவேண்டிய பாக்கி 26,000, ஆக 1,31,000. இந்தப் பக்கம் கொடுக்க வேண்டிய பாக்கி 30,000, அவர் போட்ட முதல் 1,00,000, மாத லாபம் 1,000, இதுவும் 1,31,000. இரண்டு பக்கமும் சரியாக வந்து நிற்கும்போது வகுப்பில் ஒவ்வொருவர் முகமும் மலர்வதைப் பார்க்க வேண்டும். அதைவிட முக்கியம் அடுத்து வருகிற கேள்வி: லாபம் 1,000 என்கிறீர்கள், கல்லாவில் 17,000 குறைந்திருக்கிறதே, அது எங்கே போயிற்று? வருஷக்கணக்காகக் கடை நடத்துகிறவர்களும் ஆடிட்டரிடம் கேட்கிற கேள்வி இது. பதில் அந்த நோட்டிலேயே இருக்கிறது. 12,000 தராசாக நிற்கிறது, 5,000 வாடகையாகப் போய்விட்டது, லாபம் இன்னும் பாக்கிக்காரரிடம் இருக்கிறது, அவர் கொடுத்தால்தான் அது ரொக்கம். லாபம் வேறு, ரொக்கம் வேறு என்பது ஒரு தடவை கையால் எழுதிப் பார்த்தவர்களுக்கு மறக்கவே மறக்காது. திரையில் அறிக்கையைத் திறந்து காட்டினால் இரண்டு எண்கள் தெரியும், அவ்வளவுதான்.

அதே கடையில் தராசைக் கொள்முதல் கணக்கில் எழுதிவிட்டால் என்ன ஆகும்? எல்லாக் கணக்குகளின் பற்று (டெபிட்), வரவு (கிரெடிட்) மீதிகளைக் கூட்டி இரண்டும் சமமா என்று பார்க்கிற இருப்பாய்வு அப்போதும் சரியாகவே வரும், ஒரு ரூபாய் வித்தியாசம் காட்டாது. ஆனால் 1,000 லாபம் 11,000 நட்டமாகிவிடும். தப்பு இருப்பதே தெரியாது. இங்கேதான் மென்பொருளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டேலியில் பற்றும் வரவும் சமமாக இல்லாவிட்டால் அந்தப் பதிவையே அது ஏற்றுக்கொள்ளாது. ஆரம்ப இருப்புகளைத் தவறாகப் போட்டால் மட்டும் வித்தியாசம் என்று, சொத்தையும் கடனையும் காட்டுகிற ஐந்தொகையில் ஒரு வரி காட்டும். மற்றபடி எப்போதும் டேலி ஆகிக்கொண்டே இருக்கும். கூட்டல் தப்பு, ஒரு பக்கம் மட்டும் எழுதி விடுபட்டது, இதெல்லாம் கம்ப்யூட்டரில் வராது என்பது உண்மைதான், நல்லதுதான். அப்படியானால் மீதி இருக்கும் தப்புகள் எல்லாமே இருப்பாய்வு காட்டாத தப்புகள்: கணக்குத் தலைப்பு மாறியது, ஒரு முருகேசன் பாக்கியை இன்னொரு முருகேசன் பேரில் எழுதியது, பில்லையே பதியாமல் விட்டது. இவற்றைக் கண்டுபிடிக்க மனுஷ மூளைதான் வேண்டும், அந்த மூளையைப் பழக்குகிற வேலையை வகுப்பு செய்ய வேண்டாமா?

பழைய கணக்குப்பிள்ளைகளுக்கு இதில் இருந்த கைத்திறன் இப்போது யாருக்கும் சொல்லித்தரப்படுவதில்லை. இருப்பாய்வில் வித்தியாசம் 9ஆல் வகுபட்டால் எண்களை இடம் மாற்றி எழுதியிருக்கலாம் என்று முதலில் அதைத்தான் தேடுவார்கள். 5,400ஐ 4,500 என்று எழுதினால் 900 உதைக்கும். அங்கே கிடைக்கவில்லையா, வித்தியாசத்தில் பாதித் தொகையைத் தேடு என்பார்கள், ஏனென்றால் பற்றில் எழுத வேண்டியதை வரவில் எழுதினால் வித்தியாசம் இரட்டிப்பாகத் தெரியும். லீ பஜார் மண்டிகளில் சிட்டையும் (அன்றாடக் குறிப்பு) பேரேடுமாக எழுதி வளர்ந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாதம் ஒரு நாள் அவர்களில் ஒருவரை வகுப்புக்கு அழைத்துப் பேச வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். 1494இல் வெனிஸில் அச்சான தன் நூலில் இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பச்சோலி, அங்கிருந்த வியாபாரிகள் அன்றாடக் குறிப்பு, குறிப்பேடு, பேரேடு என்று மூன்று புத்தகம் வைத்து எழுதிய முறையைத்தான் விளக்கினார். அங்கேயும் பாடம் கடைத்தெருவில் இருந்துதான் வந்தது.

நம்ம ஊர்க் கடைத்தெருவில் பாடம் எவ்வளவு கிடக்கிறது என்பதற்கு வெள்ளிக் கொலுசு ஒன்றே போதும். செவ்வாய்ப்பேட்டையிலோ சிவதாபுரத்திலோ ஒரு பட்டறைக்கு வியாபாரி 1,000 கிராம் சுத்த வெள்ளி கொடுக்கிறார். பட்டறைக்காரர் 80 டச்சில், அதாவது நூற்றுக்கு 80 பங்கு சுத்த வெள்ளியாக, 1,100 கிராம் கொலுசு செய்து திருப்பிக் கொடுக்கிறார். அதில் சுத்த வெள்ளி 880 கிராம். மீதி 120 கிராமில் பேசிக்கொண்ட சேதாரம் 20 கிராம் என்றால், பட்டறை இன்னும் 100 கிராம் வெள்ளி பாக்கி. இதை எந்தக் கணக்கில் எழுதுவது? அந்த வெள்ளி பட்டறைக்காரர் வாங்கிய சரக்கு இல்லை, வியாபாரியின் சொத்து, இவரிடம் வேலைக்கு வந்திருக்கிறது. ஆகவே கொள்முதலிலும் வராது, சரக்கிருப்பிலும் வராது. பட்டறைக்காரரின் வருமானம் கூலி மட்டும். வெள்ளிக்குக் கிராமில் தனிப் பேரேடு, கூலிக்கு ரூபாயில் தனிப் பேரேடு. பட்டறை வீட்டுப் பிள்ளைகள் இதைச் சின்ன வயதில் இருந்து பார்த்து வளர்ந்தவர்கள். ஒரு சொத்து யார் கையில் இருக்கிறது என்பதும் அது யாருடையது என்பதும் வேறு வேறு என்ற பாடம் அவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கிறது. வகுப்பிலோ "ஏபிசி லிமிடெட் 500 யூனிட் வாங்கியது" என்று தொடங்குகிறார்கள்.

ஜிஎஸ்டியும் அப்படித்தான். 1,000 ரூபாய்ப் பருத்தி நூலுக்கு 5 சதவீத வரி சேர்த்து 1,050 ரூபாய் பில் போடுகிறோம். விற்பனை 1,000தான். 25 மத்திய வரி, 25 மாநில வரி, இந்த 50 ரூபாய் நம் கையில் இருந்தாலும் அரசுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி. அந்தச் சரக்கை வாங்கும்போது நாம் 40 ரூபாய் வரி கட்டியிருந்தால் அதைக் கழித்து 10 ரூபாய் கட்ட வேண்டும். பேரேட்டில் இரண்டு தலைப்பு எழுதிக் காட்டினால் கால் மணி நேரத்தில் புரிகிற விஷயம். மென்பொருள் தானாகப் பிரித்துக்கொள்வதால் இது எங்கே போகிறது என்றே தெரியாமல் பில் போட்டுக்கொண்டிருப்பவர்கள் எத்தனையோ பேர்.

அப்புறம் வங்கிப் பாஸ்புக். கடைக் கணக்கில் வங்கியில் போட்ட பணத்தைப் பற்றில் எழுது என்கிறார்கள், பாஸ்புக்கைத் திறந்தால் அதே பணம் வரவில் நிற்கிறது. புதிதாகப் படிப்பவர்கள் தடுமாறுகிற இடங்களில் இது முக்கியமானது. பாஸ்புக் வங்கியின் நோட்டு, அதில் நம் பணம் வங்கி நமக்குத் திருப்பித் தர வேண்டிய கடன் என்று ஒரே ஒரு வாக்கியம் முதலிலேயே சொல்லிவிட்டால் போதும். நம் நோட்டையும் வங்கி நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, போட்ட காசோலை இன்னும் வசூலாகவில்லை, வங்கிக் கட்டணத்தை நாம் இன்னும் எழுதவில்லை என்று ஒவ்வொன்றாக டிக் அடித்துச் சரிக்கட்டிப் பார்ப்பதை நான் இந்தப் படிப்பில் மிகவும் விரும்பிச் செய்கிறேன்.

வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களின் நேரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மாதா மாதம் ஜிஎஸ்டி கணக்குக் கொடுக்கிற கடைகளில் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் கெடு. அந்த நாட்களில் எங்களில் பலர் இரவு வரை கடையில்தான் இருப்போம். மார்ச் கடைசியில் சரக்கு எண்ணுகிற வேலை வேறு. முக்கியமான பாடத்தை அந்தத் தேதிகளில் வைத்தால் விட்டுப்போகிறது, விட்டதைத் திரும்ப நடத்த ஆளில்லை. முந்தின பாடம் புரியாமல் அடுத்த பாடம் புரியாத படிப்பு இது. மாத அட்டவணை போடும்போது அந்தத் தேதிகளை ஒட்டிய நாட்களை மட்டும் பயிற்சிக் கணக்குக்கு ஒதுக்கிவிடலாமே. ஆத்தூர், ஓமலூர் பக்கம் இருந்து வருகிற பெண்கள் பஸ் நேரம் பார்த்து வகுப்பின் நடுவில் எழுந்து போகிறார்கள். ஏற்காட்டில் காப்பித் தோட்ட அலுவலகங்களில் சம்பளக் கணக்கும் கொள்முதல் கணக்கும் எழுதுகிறவர்கள் சாயங்காலம் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து படித்துவிட்டு இரவில் மேலே ஏற முடியுமா? அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டிலேயே வகுப்பு நடத்தினால் கட்டாயம் வருவார்கள். நோட்டும் பேனாவும் போதும் என்கிற பாடத்துக்குக் கம்ப்யூட்டர் அறை தேவையில்லை, ஒரு பள்ளிக்கூட அறை போதும்.

புத்தகத்துக்கும் பெரிய செலவு வேண்டாம் என்பதைப் புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். தமிழ்நாடு அரசின் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ கணக்குப்பதிவியல் பாடநூல்கள் தமிழிலேயே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. குறிப்பேட்டில் தொடங்கி இறுதிக் கணக்கு வரை படிப்படியாகப் போகும், பயிற்சிக் கணக்குகளும் இருக்கின்றன. சான்றிதழ் வேண்டும் என்பவர்களுக்குத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் தட்டச்சு, சுருக்கெழுத்தோடு கணக்கியலுக்கும் இளநிலை, முதுநிலைத் தேர்வுகள் நடத்துகிறது. தட்டச்சுத் தேர்வு தெரிந்த அளவுக்கு இது நம்ம பக்கம் தெரியவில்லை, வகுப்புகளில் சேரும்போதே இதைச் சொல்ல வேண்டும். டேலியைக் கற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வேலைக்கு அது வேண்டும். முதல் மாதம் நோட்டு, இரண்டாம் மாதம் அதே கணக்குகளைத் திரையில் போட்டு இரண்டு விடையும் ஒன்றாக வருகிறதா என்று பார்ப்பது. அப்படி நடத்தினால் பட்டன்களைக் கற்க நேரமும் குறைவாகவே ஆகும்.

ஆசிரியர் அவர்களிடமும் ஒரு கோரிக்கை. வாரம் ஒரு நாள் வேலைவாய்ப்புப் பக்கத்தில் சின்னதாக ஒரு பயிற்சிக் கணக்கு வெளியிடுங்கள். நூல் கடை, கொலுசுப் பட்டறை, மாம்பழ மண்டி, மிளகும் காப்பியும் வாங்கி விற்கிற கடை என்று ஏதாவது ஒன்று, ஏழெட்டு நடவடிக்கைகள் போதும். விடையை அடுத்த வாரம், ஒவ்வொரு பதிவுக்கும் ஏன் இந்தப் பக்கம் என்ற விளக்கத்தோடு போட வேண்டும். விடை தயாரித்துச் சரிபார்த்துத் தர இங்கே வணிகவியல் ஆசிரியர்களும் ஓய்வுபெற்ற கணக்காளர்களும் இருக்கிறார்கள், கேட்டால் முன்வருவார்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
மாலைநேரக் கணக்கு மாணவி,
குகை, சேலம்.