டாமி ஜான் என்பது ஒரு மனிதரின் பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் விளையாட்டு வீரர்களின் காயங்களைப் பற்றி வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். அதில், முழங்கையில் அறுந்த நாருக்குப் பதில் வேறொரு நாரை வைத்துக் கட்டும் ‘டாமி ஜான் சர்ஜரி’ பற்றி நாலே வரி. இதைச் செய்துகொண்ட பேஸ்பால் பிட்சர்கள் (பந்து எறிபவர்கள்) முன்னைவிட வேகமாக எறிகிறார்கள் என்று முடித்திருந்தீர்கள். அது சரியில்லை. நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். என் 12 வயது மகன் இங்கே சிறுவர்களுக்கான பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீகில் ஆடுகிறான். மைதானத்து ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெற்றோர் சிலரும் இதையே நம்புகிறார்கள். “சின்ன வயசிலேயே பண்ணிவிட்டால் நல்லது” என்று ஒருவர் என்னிடமே சொன்னார். கேட்டதும் வயிற்றைக் கலக்கியது. அதனால்தான் எழுதுகிறேன்.

டாமி ஜான் டாக்டர் இல்லை. இண்டியானா மாநிலத்தில் 1943-இல் பிறந்த இடது கை பிட்சர். 1963-இல் கிளீவ்லாந்து அணியில் பெரிய லீகுக்கு வந்தவர். முதல் பந்திலிருந்து ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் ‘ஸ்டார்ட்டர்’ அவர். ஆனால் வேகத்தை நம்பியவர் இல்லை. அவருடைய ஆயுதம் சிங்கர் என்ற பந்து. பேட்டரை நெருங்கும்போது சட்டென்று கீழே இறங்கும். அடித்தாலும் பெரும்பாலும் தரையில் உருளும். அடித்தவர் ஓடிச் சேருமுன், பக்கத்தில் நிற்பவர் பொறுக்கி முதல் பேஸுக்கு எறிந்தால் ஆள் அவுட்.

1974-இல் டாட்ஜர்ஸ் அணிக்காக 13 வெற்றி, 3 தோல்வி என்று அவர் உச்சத்தில் இருந்தார். ஜூலை 17 அன்று மாண்ட்ரியால் அணிக்கு எதிராக ஒரு பந்தை எறியும்போது முழங்கையின் உள்பக்கத்து நார் அறுந்துவிட்டது. அந்தக் காலத்தில் அது அறுந்தால் பிட்சர் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

உங்கள் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் ஒட்டவைத்து, மணிக்கட்டைக் கொஞ்சம் உள்பக்கம் மடக்கிப் பாருங்கள். நடுவில் கயிறு மாதிரி ஒன்று புடைக்கும். சிலருக்கு அது இருக்கவே இருக்காது. இல்லாவிட்டாலும் கைக்கு ஒன்றும் ஆகாது. டாக்டர் ஃபிராங்க் ஜோப் டாமி ஜானின் வலது கையிலிருந்து எடுத்தது அந்தக் கயிற்றைத்தான். இடது முழங்கை எலும்புகளில் துளை போட்டு, எட்டு வடிவத்தில் கோத்துக் கட்டினார். அது 1974 செப்டம்பர் 25. திரும்ப எறிய நூற்றில் ஒரு வாய்ப்புதான் என்று டாக்டர் சொல்லியும் டாமி ஜான் சரி என்றார்.

அதோடு முடியவில்லை. நரம்பு பாதிக்கப்பட்டு விரல்கள் கொக்கி போல மடங்கிக்கொண்டன. மறுபடியும் ஒரு ஆபரேஷன். 1975 முழுக்க ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. உடலசைவைப் பற்றிப் படித்தவரான சக பிட்சர் மைக் மார்ஷல் உதவியோடு, எறியும் முறையையே மாற்றிக்கொண்டார். 1976-இல் திரும்பி வந்து 10 ஆட்டம் ஜெயித்து 10 தோற்றார். அடுத்த வருடம் 20 வெற்றி. 1979, 1980 ஆண்டுகளில் யாங்கீஸ் அணிக்காக 21, 22. சிகிச்சைக்கு முன் 124 வெற்றி, பின் 164 வெற்றி. அப்போதும் எறிந்தது அதே சிங்கர்தான்.

அப்புறம் ஏன் சிலர் வேகம் கூடியதாகச் சொல்கிறார்கள்? நார் நைந்துகொண்டிருந்த காலத்தில் வேகம் குறைந்திருக்கும். ஒரு வருடம், ஒன்றரை வருடம் தோளுக்கும் காலுக்கும் விடாமல் பயிற்சி எடுத்துத் திரும்பும்போது அது கூடினதுபோலத் தெரியும். ஒட்டவைத்த நார் புது வேகம் எதையும் தருவதில்லை. ஜப்பானிய வீரர் ஷோஹெய் ஒஹ்தானி 2018-இல் இந்தச் சிகிச்சை செய்துகொண்டார். அடுத்த வருடம் முழுக்க எறியவில்லை. 2023-இல் அதே முழங்கைக்கு மறுபடி அறுவை சிகிச்சை.

இன்னொரு வருத்தமும் உண்டு. டாமி ஜான் 26 சீசன் ஆடி, 700 ஆட்டங்களைத் தொடங்கி, 46 வயதில் 1989-இல் விடைபெற்றார். பெரிய லீகின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸ் வெற்றி மட்டும் கைக்கு எட்டவே இல்லை. 1977, 1978 இரண்டிலும் டாட்ஜர்ஸில் இருந்து யாங்கீஸிடம் தோற்றார். யாங்கீஸுக்கு மாறியபின் 1981-இல் டாட்ஜர்ஸிடம் தோற்றார். அந்தக் கடைசி ஆட்டத்தில் ஸ்கோர் 1-1 ஆக இருக்கும்போதே, நான்காவது இன்னிங்ஸில் அவருக்குப் பதில் வேறொருவரை பேட் பிடிக்க அனுப்பினார்கள். அப்படி மாற்றினால் அவர் அந்த ஆட்டத்தில் மறுபடி எறிய முடியாது. டாமி ஜான் நம்ப முடியாமல் தலையை ஆட்டியதைப் பழைய வீடியோவில் பார்த்திருக்கிறேன். யாங்கீஸ் 9-2 என்று தோற்றது. 288 வெற்றி எடுத்தவரை, பேஸ்பாலின் தலைசிறந்தவர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமுக்கு பத்திரிகையாளர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. டாக்டர் ஜோப்பை 2013-இல் அங்கே மேடையேற்றி கௌரவித்தார்கள். அவருக்குத் தகும். ஆனால் அந்த முழங்கைக்குச் சொந்தக்காரருக்கும் அங்கே இடம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

என் மகன் வயதில் ஒரு நாளில் 85 பந்துக்கு மேல் எறியக்கூடாது என்பது லிட்டில் லீக் விதி. ஆனால் பிள்ளைகள் வார இறுதியில் இன்னொரு அணிக்கும் ஆடுகிறார்கள். அங்கே எறிவதை இந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. போன மே மாதம் சனிக்கிழமை 80 பந்து எறிந்தவனை ஞாயிற்றுக்கிழமையும் எறியச் சொல்லிக் கேட்டார் ஒரு பயிற்சியாளர். முடியாது என்று சொல்லிக் கூட்டி வந்துவிட்டேன். காரில் ஐஸ் பையை முழங்கையில் அழுத்திக்கொண்டு, பேசாமல் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தான்.

உங்கள் இதழை இங்கே நிறைய தமிழ்க் குடும்பங்கள் படிக்கின்றன. வேகம் பற்றிய அந்த ஒரு வரிக்கு அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள். இடம் இருந்தால் டாமி ஜானின் படம் ஒன்றும் போடுங்கள்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகர்,
எடிசன், நியூ ஜெர்சி