0.92 மதிப்பெண் பற்றி, நண்பருக்கு

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். மூட்டுவலி தணிந்து மாலை நடை மீண்டும் தொடங்கியிருக்கிறீர்கள் என்றறிந்து மகிழ்ந்தேன். உங்கள் மகளின் ஆண்டுப் பணி மதிப்பீட்டு அறிக்கையில் ஏற்கும் அதிகாரி, அதாவது இறுதி மதிப்பெண் போடுபவர், காரணம் எழுதாமலே மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டதாகவும், அரசு ஊழியர் வழக்குகளை விசாரிக்கும் நிர்வாகத் தீர்ப்பாயத்துக்கு நேரே போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு நாள் யோசித்தே எழுதுகிறேன்.

நம் காலத்தில் சி.ஆர். (ரகசிய மதிப்பீட்டு அறிக்கை) என்றால் அரக்கு முத்திரை வைத்த உறை. அது இருந்த பீரோவின் சாவியைப் பிரிவு அலுவலர் வீட்டுக்கே கொண்டுபோவார். பாதகக் குறிப்பு என்றால் மெமோ வரும். 'மிக நன்று' வேண்டிய இடத்தில் 'நன்று' என்று மட்டும் எழுதிக் கவிழ்த்தால் யாரும் சொல்லமாட்டார்கள். எல்லைச் சாலைகள் பிரிவில் செயற்பொறியாளராக இருந்த தேவ் தத்துக்கு நேர்ந்தது அதுதான். பதவி உயர்வுக்கு ஐந்தாண்டும் 'மிக நன்று' வேண்டியிருக்க, 1993-94இல் மட்டும் 'நன்று' விழுந்திருந்தது. எந்தக் குறிப்பானாலும் உரியவருக்குக் காட்டியே ஆகவேண்டும் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2013இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை உறுதிசெய்தது. ஆனாலும் தேவ் தத்தின் மதிப்பீட்டை நீதிமன்றம் தானே திருத்தவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அந்தக் கோட்டைத் தாண்டியதுதான் அசோக் கெம்கா வழக்கு. ஹரியானாவின் மூத்த ஐ.ஏ.எஸ். அதிகாரியான அவருக்கு 2016-17ஆம் ஆண்டுக்குத் தலைமைச் செயலாளர் 8.22, அமைச்சர் அனில் விஜ் 9.92 போட்டார்கள், அமைச்சரின் மதிப்பீடு சற்றே மிகையானது என்று எழுதி, ஏற்கும் அதிகாரியான அன்றைய முதலமைச்சர் மனோகர் லால் கட்டார் 9 ஆக்கினார். தீர்ப்பாயம் அவர் மனுவைத் தள்ளியது. 2019இல் உயர் நீதிமன்றமோ 9.92ஐயே மீட்டுக்கொடுத்தது. 2024 மார்ச் 11 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்து, மூத்த அதிகாரியை எடைபோடுவது நிர்வாகத்தின் வேலை என்று கூறி, நிலுவையிலிருந்த கெம்காவின் முறையீட்டை ஏற்கும் அதிகாரியே 60 நாளுக்குள் முடிக்கவேண்டும் என்றது. மறுநாளே கட்டார் பதவி விலகியது தனிக்கதை!

தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். உள்நோக்கம் இருந்ததா, விதி மீறப்பட்டதா என்று நீதிமன்றம் கேட்கலாம். ஒருவரது ஓராண்டுப் பணியை அருகிருந்து பார்க்காத நீதிபதிகள் 9க்கும் 9.92க்கும் நடுவே எதை வைத்துத் தேர்ந்தெடுப்பார்கள்? ஆயினும் ஓர் உறுத்தல் உண்டு. குறிப்பு எழுதியவருக்கு மேலிருப்பவரே முறையீட்டை விசாரிக்கவேண்டும், இல்லையேல் அது சீசரின் தீர்ப்பை எதிர்த்துச் சீசரிடமே முறையிடுவதாகும் என்றது தேவ் தத் தீர்ப்பு. முதலமைச்சருக்கு மேல் யாரிடம் போவது? அந்த இடத்தில் சட்டம் இன்னும் தடுமாறுகிறது.

மகளின் அறிக்கை எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. அகில இந்தியப் பணி அதிகாரிகளுக்கான 2007ஆம் ஆண்டு மதிப்பீட்டு விதிகளின்படி, அது கிடைத்த 15 நாளுக்குள் கருத்து எழுதிக்கொடுக்க வேண்டும். அதுவும் அறிக்கையில் உள்ள விவரங்களைப் பற்றி மட்டுமே. வழக்கறிஞரைத் தேடுவதற்கு முன் அதை முடிக்கச் சொல்லுங்கள். கோப்பு எண், தேதி, முடித்த பணி, இவை போதும். மனக்குறை ஒரு வரிகூட வேண்டாம். வரைவை எனக்கு அனுப்புங்கள், பழைய வழக்கப்படி சிவப்பு மையில் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய பக்கத்து மேசைக்காரன்