ரோலர் ஹாக்கி பயிற்சி: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, காலில் ஸ்கேட் (சக்கரக் காலணி) கட்டிக்கொண்டு மட்டையால் பந்தடித்து ஆடும் ரோலர் ஹாக்கி பயிற்சி தொடங்கப்போகிறோம் என்று சுற்றறிக்கை அனுப்பியதும் உங்களில் பலர் கேட்டது ஒரே கேள்விதான்: “சார், இது ஒலிம்பிக்ல இருக்கா?”

இல்லை. ஒரே ஒரு தடவை, 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில், கண்காட்சிப் போட்டியாக ஆடினார்கள். அப்போது ஒலிம்பிக் கமிட்டித் தலைவராக இருந்த சமராஞ்ச் அந்த ஊர்க்காரர், இளமையில் இந்த ஆட்டம் ஆடியவர். இறுதிப் போட்டியில் அர்ஜென்டினா 8-6 என்று ஸ்பெயினை அதன் சொந்த மண்ணிலேயே தோற்கடித்தது. கண்காட்சிப் போட்டி என்பதால் அந்தத் தங்கம் பதக்கப் பட்டியலில் ஏறவில்லை. அதற்குப் பிறகு ஒலிம்பிக் பக்கம் இந்த ஆட்டம் போகவே இல்லை.

ஆனால் உலக சாம்பியன்ஷிப் 1936-லிருந்து நடக்கிறது. கால்பந்து உலகக் கோப்பையைவிட ஆறு வயதுதான் இளையது.

முதல் போட்டி ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் நடந்தது. வென்றது இங்கிலாந்து. அதில் யாருக்கும் ஆச்சரியம் இருந்திருக்காது. 1926-ல் ஹெர்ன் பே என்ற கடலோர ஊரில் ஐரோப்பிய சாம்பியன்ஷிப் தொடங்கியதிலிருந்தே கோப்பையை அவர்கள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. 1939-ல் சுவிட்சர்லாந்தின் மொந்த்ரூவிலும் அவர்கள்தான். அப்புறம் போர் வந்தது. போர் முடிந்து 1947-ல் லிஸ்பனில் மறுபடி கூடியபோது போர்ச்சுகல் வென்றது, தொடர்ந்து நான்கு ஆண்டுகள் வென்றது. இங்கிலாந்து இன்றுவரை அந்தக் கோப்பையைத் திரும்பத் தொடவில்லை.

1951-ல் ஸ்பெயின் முதல் முறையாக வென்றது. அதிலிருந்து கதை பெரும்பாலும் போர்ச்சுகலுக்கும் ஸ்பெயினுக்கும் நடந்த இழுபறிதான். இத்தாலி நான்கு முறை நடுவில் புகுந்தது. 2005 முதல் 2013 வரை ஸ்பெயின் ஐந்து கோப்பைகளை வரிசையாக அள்ளியது. ஆண்கள் பிரிவில் இதுவரை வென்ற நாடுகளே மொத்தம் ஐந்துதான். உலகப் போட்டி என்கிறோம், உண்மையில் சில ஊர்களின் போட்டி என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். எனக்கு இந்த ஆட்டத்தில் பிடித்ததே அந்த ஊர்கள்தான்.

ஆண்டிஸ் மலையடிவாரத்தில் இருக்கும் அர்ஜென்டினாவின் சான் ஹுவானைப் பாருங்கள். தலைநகரம் இல்லை, வெளியுலகில் பெரிய பெயரும் இல்லை. ஆனால் 1970-லிருந்து ஆறு முறை உலகப் போட்டி அங்கே நடந்திருக்கிறது. 1978-ல் அர்ஜென்டினா கால்பந்தில் உலகக் கோப்பை வென்றது எல்லாருக்கும் தெரியும். அதே ஆண்டு சான் ஹுவானில் ரோலர் ஹாக்கியிலும் முதல் முறையாக உலக சாம்பியன் ஆனார்கள். 2022-ல் அதே ஊரில் மறுபடியும் வென்றார்கள்.

போர்ச்சுகீசியர் ஆண்ட நாடுகளுக்கும் ஆட்டம் அவர்களோடு போனது. ஆண்டவர்கள் கிளம்பிய பிறகும் அது அங்கேயே தங்கிவிட்டது. 2013-ல் அங்கோலா, தன் லுவாண்டா, நமிபே நகரங்களில் உலகப் போட்டியை நடத்தியது. ஆப்பிரிக்காவில் நடந்த முதல் போட்டி அது.

ஒரு தகராறும் உண்டு. 2004-ல் ஸ்பெயினின் ஒரு பகுதியான கேட்டலோனியாவைத் தனி உறுப்பினராகத் தற்காலிகமாகச் சேர்த்தார்கள். அவர்கள் மக்காவ் போய் இரண்டாம் பிரிவு உலகப் போட்டியை வென்றே விட்டார்கள். அடுத்த மாதமே சர்வதேசக் கூட்டமைப்பு கூடி அந்த அனுமதியை மறுத்துவிட்டது. விளையாட்டில் அரசியல் கலக்கக்கூடாது என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். சரி, விடுங்கள்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். ஒரு அணிக்கு நான்கு பேர், அவர்களோடு ஒரு கோல்கீப்பர். 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலத் தளம், சுற்றிலும் ஒரு மீட்டர் உயரத் தடுப்பு. பந்து தடுப்பில் பட்டுத் திரும்பினாலும் ஆட்டம் நிற்காது. கோல் வாயின் உயரமே ஒரு மீட்டர் சொச்சம்தான். அதனால் கீப்பர் நிற்பதில்லை, ஸ்கேட்டின் மேலேயே குந்தி உட்கார்ந்தபடி காலையும் கையையும் விரித்துப் பந்தைத் தடுப்பார். முதல் முறை பார்க்கும் பிள்ளைகள் சிரிப்பார்கள். தாங்களே அப்படி உட்கார்ந்து பார்த்ததும் சிரிப்பு நின்றுவிடும். பந்தை ஒன்றரை மீட்டருக்கு மேல் தூக்கி அடித்தால் தவறு. இந்த விதியைப் பயிற்சியின் முதல் நாளிலிருந்தே கண்டிப்பாகக் கடைப்பிடிப்போம்.

நம் நாட்டிலும் தேசியப் போட்டிகள் நடக்கின்றன. ஆனால் ஸ்போர்ட்ஸ் கோட்டா, மதிப்பெண் என்று கணக்குப் போட்டுப் பிள்ளையைச் சேர்க்க வேண்டாம் என்று வெளிப்படையாகவே கேட்டுக்கொள்கிறேன். ஓடவும் விழவும் பிடித்த பிள்ளைகள் வந்தால் போதும். பெண் பிள்ளைகளுக்கும் அதே நேரம், அதே தளம்.

பயிற்சி சனிக்கிழமை காலை கூடைப்பந்துத் தளத்தில் நடக்கும். ஹெல்மெட், முழங்கால் உறை, கையுறை இல்லாமல் யாரையும் இறக்க மாட்டோம். மட்டையும் பந்தும் பள்ளி தரும். ஸ்கேட் வாங்குவதாக இருந்தால் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு சக்கரம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஒரே வரிசையில் சக்கரம் உள்ளது இந்த ஆட்டத்துக்கு உதவாது. வாங்குவதற்கு முன் உடற்கல்வி ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஒப்புதல் படிவத்தைக் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்பவும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்