அத்தோவ விட்டுட்டு என்ன தென்கிழக்காசியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்புல சென்னைல தாய், மலேசியன், வியட்நாம் சாப்பாடு எங்கெல்லாம் நல்லாருக்கும்னு ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க. நுங்கம்பாக்கம், ஆழ்வார்பேட்டை, ஈசிஆர்னு சுத்திட்டு அண்ணா நகரோட வண்டி நின்னுடுச்சு. பாரிமுனைக்கு வடக்க ஒரு கடை கூட இல்ல, எங்க அத்தோவ (பர்மா நூடுல்ஸ்) காணவே காணோம். பர்மா தென்கிழக்காசியாவுல தான சார் இருக்கு?

1962ல பர்மால ராணுவத் தளபதி நே வின் ஆட்சியப் புடிச்சாரு, 1964ல கடை கண்ணியெல்லாம் அரசாங்கமே எடுத்துக்கிச்சு, அதே வருஷம் 50 கியாத், 100 கியாத் நோட்டும் செல்லாதுன்னுட்டாங்க. ரங்கூன்ல தலைமுறையா கடை வெச்சிருந்த நம்மாளுங்க கட்டின துணியோட கப்பலேறி மெட்ராஸ் ஹார்பர்ல வந்து இறங்கினாங்க. வியாசர்பாடி பக்கமெல்லாம் குடிவெச்சாங்க, பிழைப்புக்கு பர்மா பஜார் வந்துச்சு, அதோட ஒட்டிக்கிட்டு வந்ததுதான் அத்தோ. தாய் ரெஸ்டாரன்ட்னா என்னன்னு இந்த ஊருக்குத் தெரியறதுக்கு முன்னாடியே செகண்ட் லைன் பீச் ரோட்டுல ஜனங்க நின்னுக்கிட்டு பர்மா சாப்பாடு சாப்பிட்டாச்சு.

உங்க நிருபருக்காக எழுதறேன். தள்ளுவண்டில ஆரஞ்சு கலர் நூடுல்ஸ் மலை மாதிரி குவிஞ்சிருக்கும், அதுல ஒரு புடி அள்ளி கிண்ணத்துல போட்டு, சன்னமா சீவின கோஸ், வெங்காயம், பொன்னிறமா வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணி, உப்பு, இடிச்ச மிளகாய் எல்லாம் போட்டு, மேல ஒரு பேஜோவ (மொறுமொறுன்னு பொரிச்ச தட்டை மாதிரி) உள்ளங்கைல நொறுக்கித் தூவி, எலுமிச்சம்பழத்தப் புழிஞ்சு கையாலயே பெசஞ்சு குடுப்பாங்க. கூட வாழைத்தண்டு சூப்பு, அது காலியானா கேக்காமலே ஊத்துவாங்க. அவிச்ச முட்டையக் கீறி உள்ள வறுத்த வெங்காயமும் புளித்தண்ணியும் அடைச்சு ஒண்ணு குடுப்பாங்க பாருங்க, அத ஒரே வாய்ல போடணும், கடிச்சு கடிச்சு தின்னா சட்டை நாறிடும். மொய்ங்கா பர்மால காலை டிபன், கெளுத்தி மீனும் லெமன்கிராஸும் போட்டு வெக்கிற குழம்பு, இங்க அது சாயங்கால அயிட்டமாயிடுச்சு, மீனும் பெரும்பாலும் கழண்டுக்கிச்சு. ஊரு மாறினா சாப்பாடும் கொஞ்சம் மாறும், அதுல தப்பில்ல.

இதே பர்மா கவ்ஸ்வே நூடுல்ஸ ஏசி ரூம்ல தேங்காப்பால் ஊத்தி, வேர்க்கடலை வறுத்த பூண்டுன்னு சின்னச் சின்ன கிண்ணத்துல சுத்தி வெச்சா அது டைனிங், அத்தோன்னா ஸ்ட்ரீட் ஃபுட்டு! நானும் அந்த மாதிரி எடத்துக்கெல்லாம் போறவன்தான், குறை சொல்லணும்னு சொல்லல. ஆனா எங்க அண்ணி சுத்த சைவம், ஒரு பெரிய ரெஸ்டாரன்ட்ல தாய் கிரீன் கறில வெஜ்னு போட்டிருக்கே, இதுல இறால் ஏதாவது சேக்கறீங்களான்னு கேட்டாங்க (அந்தக் கறிக்கு அரைக்கற விழுதுல கூனி இறாலப் புளிக்க வெச்சு அரைச்சு சேக்கறதுதான் தாய்லாந்து வழக்கம்). அந்தத் தம்பி உள்ள போய் ரொம்ப நேரம் கழிச்சு வந்து, "தெரியல மேடம், பேஸ்ட்டு பாக்கெட்ல வருது"ன்னாரு. அண்ணி வெறும் சாதத்தோட எழுந்துட்டாங்க, பில்லு மட்டும் முழுசா வந்துச்சு. வண்டிக்கடைல இந்தப் பிரச்சனையே இல்ல, என்ன போடறாங்கன்னு கண்ணு முன்னாடியே தெரியுது, "அக்கா முட்டை வேணாம்"னா வேற கிண்ணம் எடுப்பாங்க. அந்த இறால் விழுது வாடை அடிக்கும்னு நம்ம ஊர் ரெஸ்டாரன்ட் பாதிப் பேரு கொறைச்சுட்டு சக்கரைய ஏத்திடறாங்க, காசிமேட்டுக் கருவாட்டுல வளந்த எங்களுக்கு அது சப்புன்னு இருக்கு சார்.

சுத்தம் இல்லன்னு ஒருத்தர் சொல்லுவாரு, அவருக்கும் சொல்லிடறேன். சிங்கப்பூர்லயும் ரோட்டோரம்தான் வித்தாங்க. 1971லேர்ந்து 1986 வரைக்கும் அரசாங்கம் தண்ணி, சாக்கடை, கூரையோட ஹாக்கர் சென்டர் கட்டி அந்தக் கடைங்கள உள்ள கொண்டு போச்சு, 2020ல அந்த ஹாக்கர் கலாச்சாரத்துக்கு யுனெஸ்கோ பட்டியல்ல எடமும் கெடைச்சுது. நம்மகிட்டயும் 2014லயே தெருவோர வியாபாரிகளுக்கு சட்டம் வந்தாச்சு, விற்பனைக் குழு அமைச்சு எடம் ஒதுக்கணும்னு அதுலயே இருக்கு. பாரிமுனை பக்கம் ஒரு குழாய், நல்ல லைட்டு, கை கழுவற எடம், கழிவுத்தண்ணி போக வழி பண்ணிக் குடுக்க மாநகராட்சிக்கு என்ன கஷ்டம்னு உங்க நிருபர் ஒரு வார்த்தை கேட்டு எழுதலாமே.

அடுத்த தடவ பட்டியல் போடறப்ப பீச் ஸ்டேஷன்ல இறங்கி சாயங்காலமா ஒரு நடை வந்துட்டுப் போகச் சொல்லுங்க. வெள்ளைச் சட்டை மட்டும் வேணாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பழைய வண்ணாரப்பேட்டை