ஆலோசகர் குழுவில் ஒரு கைநாட்டுக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கு உடல்நலம், விவசாயம், அரசுத் திட்டங்கள் பற்றிப் போனில் குரலாகவே சொல்லும் வேலையை எங்கள் பகுதியில் ஓர் அறக்கட்டளை தொடங்கியிருக்கிறது. நல்ல வேலை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் கொடுத்த நோட்டீஸின் பின்பக்கத்தில் தலைவர், செயலாளர், ஆலோசகர்கள் என்று ஒன்பது பேர் படம் இருந்தது. டாக்டர், பேராசிரியர், ஓய்வுபெற்ற அதிகாரி, கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர். படிக்காதவர்களுக்காக நடக்கும் வேலை இது. படிக்காத ஒருவர்கூட அந்த ஒன்பதில் இல்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எனக்கு வயது 58. 1991 வரை நானும் கைநாட்டுதான். குடுமியான்மலை பக்கம் கல்குவாரியில் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம்தான் புதுக்கோட்டை மாவட்டத்தில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் வந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். எங்கள் தெருவுக்கு வந்த தொண்டர் பெண், சாயங்காலம் ஆறு மணிக்கு வகுப்பு என்றாள். அது அடுப்புப் பற்றவைக்கிற நேரம், ஒருத்தியும் போகவில்லை. மூன்றாம் நாள் எங்கள் தெருப் பெரியம்மா ஒருவர் அவளைக் கூப்பிட்டு, "சோறாக்கிப் போட்டு, புள்ளைகளைப் படுக்க வச்சிட்டு வர்றோம். எட்டு மணிக்கு அரிக்கேன் விளக்கோட வா" என்றார். வகுப்பு எட்டு மணிக்கு மாறியது, மறுநாளே பதினான்கு பேர் உட்கார்ந்தோம். அந்தப் பெரியம்மாவுக்குக் கடைசிவரை எழுத்து வசப்படவே இல்லை. ஆனால் எங்கள் மையத்துக்கு அவரைவிட நல்ல ஆலோசகர் கிடைத்திருக்க மாட்டார்.

அப்போது பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டையில் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்கவில்லை. ஆண்கள் ஓட்டும் சைக்கிளே போதும் என்று பெண்கள் சொன்னார்கள். முன்னால் பார் கம்பி இருக்கிறதே, அதில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம்! சைக்கிள் கம்பெனிக்காரருக்குத் தோன்றாதது, இடுப்பில் பிள்ளையோடு நடந்தவளுக்குத் தோன்றியது.

இப்போது அறக்கட்டளை விஷயத்துக்கு வருகிறேன். சென்ற ஆண்டு அவர்கள் பதிவுசெய்த குரலைப் போட்டுக்காட்டிக் கருத்துக் கேட்க எங்களை அழைத்தார்கள். "இரத்தசோகை உள்ள கர்ப்பிணிகள்" என்று பட்டணத்து ஆண்குரல் ஒன்று ஆரம்பித்தது. என் பக்கத்தில் ஏழு மாத வயிற்றோடு இருந்த பெண், "சோகைன்னா மஞ்சக்காமாலையாக்கா?" என்று என் காதில் கேட்டாள். எங்கள் ஊரில் நர்ஸம்மா "ரத்தம் கம்மியா இருக்கு" என்றுதான் சொல்வார். பூச்சிமருந்தை லிட்டருக்கு இத்தனை மில்லி கலக்க வேண்டும் என்றது இன்னொரு பதிவு. எங்களுக்கு டேங்க் கணக்கும் மூடிக் கணக்கும்தான். அப்புறம், போன் வரும் நேரம் காலை 11 மணி. அப்போது நாங்கள் நூறு நாள் வேலையில் மண்வெட்டியோடு நிற்போம். போனோ பலருக்குப் புருஷன் சட்டைப் பையிலோ மகன் கையிலோ இருக்கும்.

இதையெல்லாம் சொன்னோம். வந்தவர் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார், டீயும் வடையும் கொடுத்தார், போட்டோ எடுத்தார். மூன்று மாதம் கழித்து அதே குரல், அதே சோகை, அதே 11 மணி. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் எழுதிக்கொண்டு போன தாளை எடுத்துவைத்து, இது என்ன ஆனது என்று கேட்க அந்த ஒன்பது பேர் கூட்டத்தில் எங்கள் ஆள் யாரும் இல்லை.

எங்கள் மகளிர் குழு ஒருமுறை புதுச்சேரிக்குப் போய், எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் கிராமங்களில் நடத்திவந்த அறிவு மையங்களைப் பார்த்தது. மீனவர் ஊர்களில் கடலில் அலை எவ்வளவு உயரம் என்பதை ஒலிபெருக்கியில் சொல்வார்கள். கடலுக்குப் போகிறவனுக்கு அதுதான் வேண்டும், படித்துத் தெரிந்துகொள்ளவும் வேண்டாம். 2004 சுனாமி அன்று, அந்த மீனவர் ஊர்களில் ஒன்றான நல்லவாட்டைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரிலிருந்து போனில் எச்சரிக்க, அந்த ஒலிபெருக்கியில் அறிவித்து ஊரை வெளியேற்றினார்கள். தினமும் கேட்டுப் பழகிய குரல் என்பதால்தான் ஊர் உடனே நம்பி ஓடியது என்று நான் நினைக்கிறேன்.

படிக்காதவர்களுக்குக் கணக்கு வழக்கு புரியுமா என்று சிலர் கேட்பார்கள். அறிவொளிக் காலத்தில் எங்கள் மாவட்டத்தில் குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்குக் கொடுத்தார்கள். எங்கள் குழுவில் லோடு கணக்கு வைத்தவர், எழுத்து தெரியாத ஒருவர். ஒரு லோடுக்கு ஒரு கரிக்கோடு என்று வீட்டுச் சுவரில் போட்டு வைப்பார். நான் நோட்டில் எழுதிய கணக்கு இரண்டு முறை தப்பியது. அவருடைய சுவர் தப்பவில்லை.

ஆகவே அறக்கட்டளைத் தலைவருக்கு உங்கள் பத்திரிகை வழியாக ஒரு கோரிக்கை. ஆலோசகர்களில் மூன்று பேராவது அந்தக் குரலைக் கேட்கும் பெண்களாக இருக்கட்டும், அதில் ஒருவராவது எழுதப் படிக்கத் தெரியாதவராக இருக்கட்டும். அவர்களுக்கு அன்றைய கூலியும் பஸ் காசும் கொடுங்கள். கூட்டத்தில் எழுதியதை வாய்விட்டுப் படித்துக்காட்டி, அவர்கள் சரி என்ற பிறகு கைநாட்டு வாங்குங்கள். எந்தச் சொல், யார் குரல், எந்த நேரம் என்ற மூன்றையும் அவர்கள் ஒப்புக்கொள்ளாமல் போன் போகக் கூடாது.

ஆள் எங்கே தேடுவது என்று கவலை வேண்டாம். கரிக்கோடு போட்டவர் என் அடுத்த வீட்டில்தான் இருக்கிறார். கேட்டுவிட்டேன், வருகிறேன் என்கிறார். கூட்டத்தை மட்டும் ராத்திரி எட்டு மணிக்கு மேல், எங்கள் ஊரில் வைக்கச் சொன்னார்.

இப்படிக்கு,
அறிவொளியில் எழுத்துக் கற்ற வாசகி,
குடுமியான்மலை பக்கம், புதுக்கோட்டை மாவட்டம்.