ஒலிக்கென்று ஒரு கணக்குத் தலைப்பு: சென்னை மாமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

பெருநகர சென்னை மாநகராட்சியின் மேயர், துணை மேயர், மாமன்ற உறுப்பினர்கள், ஆணையர் ஆகியோருக்கு வணக்கம்.

1930 ஏப்ரல் 1-ஆம் தேதி இந்த மாநகராட்சி சொந்தமாக ஒரு வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியது. அகில இந்திய வானொலி என்ற பெயரே அப்போது கிடையாது. குடிநீரும் குப்பையும் தெருவிளக்கும் பார்க்கிற ஓர் உள்ளாட்சி அமைப்பு, வரிப்பணத்தில் ஆள் போட்டு, கருவி வைத்து, மாலை நேரங்களில் சங்கீதம் ஒலிபரப்பியது. மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி கட்டியது. பள்ளி நாட்களில் மாலை நான்கு மணிக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று பாட்டுப் பாடமும் கதையும் ஒலிபரப்பியது. இந்த மன்றத்தின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இது. இப்படி ஒரு முன்மாதிரியை உங்கள் கையிலேயே வைத்திருக்கிறீர்கள் என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த நிதிநிலை அறிக்கையில், இந்த ஊர் மக்களின் கதைகளை அவர்கள் குரலிலேயே பதிவு செய்யவும், பாதுகாக்கவும், பாட்காஸ்ட் போன்ற ஒலித்தொடர்களாக்கி மக்களிடம் கொண்டுசேர்க்கவும் ஒரு தனி நிதி ஒதுக்குங்கள். ஒலிக்கென்று ஒரு கணக்குத் தலைப்பு திறங்கள்.

நான் பெரம்பூர்க்காரன். ஒலிப்பதிவும் தொகுப்பும் என் தொழில். டப்பிங், விளம்பரம் என்று வயிற்றுப்பாட்டுக்குச் செய்வது போக, மிச்ச நேரத்தில் வடசென்னைப் பெரியவர்களின் பேச்சைப் பதிந்து வருகிறேன். சில வருடங்களுக்கு முன் ஓர் அலுவலகத்தில் உதவித்தொகை கேட்டு விண்ணப்பித்தேன். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர். ஒரு பதிவைப் பொறுமையாகக் கேட்கக்கூடச் செய்தார். கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு தம்பி. புத்தகம்னா ஒரு ஹெட் இருக்கு, நாடகம்னா ஒரு ஹெட் இருக்கு. படம்னாகூட ஏதாவது பண்ணலாம். வெறும் பேச்சை நான் எந்த ஹெட்டுல காட்டுறது?" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. தலைப்பு இல்லாத செலவுக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்? இந்த மாநிலத்தில் நல்ல நூல்களுக்குப் பரிசு உண்டு, நூலகங்களுக்குப் புத்தகம் வாங்குகிறார்கள், சிறிய செலவில் எடுத்த தரமான படங்களுக்கு மானியம் உண்டு, நலிந்த கலைஞர்களுக்கு நிதியுதவி உண்டு. எல்லாமே வேண்டியவைதான். காதுக்கு மட்டும் எதுவும் இல்லை.

ஆர்வலர்கள் செய்துகொள்ளட்டுமே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அதற்கும் இந்த ஊர் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. 1924-ல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். கைக்காசையும் சந்தாவையும் நம்பி நடத்தினார்கள். ஆர்வத்துக்குக் குறைவில்லை, பணம்தான் தீர்ந்தது. 1927-ல் மூடிவிட்டார்கள். அவர்களுடைய ஒலிபரப்புக் கருவி மாநகராட்சியிடம் வந்தது. மாநகராட்சி எடுத்து நடத்திய ஒலிபரப்போ, 1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வரும்வரை ஓடியது. தனியார் ஆர்வம் மூன்று வருடம் தாக்குப்பிடித்தது, பொதுப்பணம் எட்டு வருடம். இன்றைக்குத் தமிழில் ஊர்க்கதைகளை ஒலித்தொடராகச் செய்கிற பலரும் அந்த 1927-ல்தான் நிற்கிறோம். நாலு பகுதி வெளியிடுகிறோம், பிறகு வீட்டு வாடகை நினைவுக்கு வருகிறது. விளம்பரம் கொடுப்பவர்கள் சினிமாப் பேட்டிக்கும் ராசிபலனுக்கும் கொடுப்பார்கள். ஒரு மில் தொழிலாளி பேசுவதற்குக் கொடுக்க மாட்டார்கள். அது அவர்கள் வேலையும் இல்லை.

மில் தொழிலாளி என்று சும்மா சொல்லவில்லை. புளியந்தோப்பில் ஒரு பெரியவரைப் பதிவு செய்தேன். பி அண்ட் சி என்ற பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக் துணி மில்லில் தறி ஓட்டியவர். நல்ல சித்திரை வெயில். மின்விசிறிச் சத்தம் மைக்கில் விழும் என்பதால் அதை நிறுத்திவிட்டோம். சட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தறிக்கூடம் எப்படி இருக்கும் என்று கேட்டேன். வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. ஒயர் கழன்றுவிட்டதோ என்று ஹெட்போனைத் தொட்டுப் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டார். "உள்ள இப்படித்தான் பேசிக்குவோம். தறி ஓடும்போது காதுல ஒண்ணும் விழாது, உதட்டைப் பார்த்துத்தான் புரிஞ்சுக்கணும்" என்றார். அப்புறம் நாற்காலிக் கையில் உள்ளங்கையால் தட்டி, நூலைச் சுமந்துகொண்டு தறியின் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற தாளத்தைக் காட்டினார். தட்டிக்கொண்டே பேசப் பேச, பேச்சும் அந்தத் தாளத்துக்குள் போய்விட்டது. முன்னேரத்தில் சாதாரணமாகப் பேசிய மனிதர், சின்னச் சின்ன வாக்கியமாக, மூச்சு வாங்காமல், தறி நிற்கிற இடத்தில் மட்டும் நிறுத்திப் பேசினார்.

1918 ஏப்ரல் 27-ல் பி.பி. வாடியா, திரு.வி.க. போன்றோர் முயற்சியில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது அந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் அது. சங்கத்தைப் பற்றி நூல்கள் இருக்கின்றன, 1921 வேலைநிறுத்தத்தைப் பற்றி ஆய்வுகள் இருக்கின்றன. 1996-ல் மில் மூடியது, அந்த நிலத்தில் இப்போது அடுக்குமாடிகள் நிற்கின்றன. நாற்காலிக் கையில் தட்டிய அந்தத் தாளத்தை எந்த நூலும் எனக்குத் தந்திருக்காது. அந்தக் கூடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இப்போது என்ன வயது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பெயரும் முகவரியும் வாங்கி வைத்துவிட்டு, பதிவுக்கு நாள் குறிப்பதற்குள் சிலருக்குப் பேச்சே போய்விடுகிறது.

மில்லோடு முடியவில்லை. காசிமேட்டில் காற்றையும் நீரோட்டத்தையும் பெயர் சொல்லிக் கணித்துக் கடலுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் பரம்பரைகளின் குத்துச்சண்டையை மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். சாவு வீட்டில் விடிய விடியக் கானா பாடியவர்கள், பர்மாவிலிருந்து வந்து குடியேறியவர்கள், 1985-ல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டில் பழைய இசைத்தட்டும் புத்தகமும் விற்றவர்கள் எல்லாம் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். 1942-ல் ஜப்பான் குண்டு போடும் என்று ஊரே காலியானபோது கைக்குழந்தையாக இருந்தவர்களுக்கே எண்பது தாண்டிவிட்டது. விவரம் தெரிந்த வயதில் அதைப் பார்த்தவர்கள் இன்னும் எத்தனை பேர் இருப்பார்கள்?

ஏற்கெனவே பதிந்தவையும் அழிந்துகொண்டிருக்கின்றன. இந்த ஊரில் எத்தனையோ வீட்டுப் பரண்களில் கேசட்டுகள் கிடக்கின்றன. வில்லுப்பாட்டு, கதாகாலட்சேபம், கட்சிக் கூட்டப் பேச்சு, தாத்தா பாட்டி பேத்திக்குச் சொன்ன கதை. கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்துவிடும். அப்படியே ஓடவிட்டால் அறுந்துபோகும். திருகாணிகளைக் கழற்றி, சுருளை வெளியே எடுத்து, பூஞ்சையைத் துடைத்து, வேறு கூட்டுக்கு மாற்றி, அதன்பின்தான் ஓட்டிப் பதிய வேண்டும். கேசட்டை ஓட்டுகிற நல்ல டெக் கிடைப்பதும் இப்போது அரிது. ரிட்சி தெருவில் பழைய டெக்குக்கு பெல்ட் போட்டு, ஹெட் சரிபார்த்துத் தரத் தெரிந்த மெக்கானிக்குகள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். அவர்களும் கடையை மூடிவிட்டால் கேசட் இருந்தும் பயனில்லை.

"எல்லார் கையிலும்தான் செல்போன் இருக்கிறதே, பதிவு செய்ய எதற்குப் பணம்?" என்று கேட்பார்கள். சரி, பதிவு செய்வது சுலபம்தான். ஆனால் ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டு எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் ஆகும். வடசென்னைப் பேச்சு என்றால், அந்தப் பேச்சு தெரிந்தவர்தான் உட்கார வேண்டும். யார், எப்போது, எந்தத் தெருவைப் பற்றிப் பேசினார் என்று குறிப்பு எழுத வேண்டும். சொன்ன வருடத்தையும் பெயரையும் சரிபார்க்க வேண்டும். மூலப்பதிவைச் சுருக்காமல் இரண்டு இடங்களிலாவது சேமித்து, சில வருடங்களுக்கு ஒருமுறை புதிய தட்டுக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதன்பிறகுதான் பிள்ளைகள் கேட்கும்படி இருபது நிமிடக் கதையாக அதைக் கட்டுவது. இதெல்லாம் மனித உழைப்பு. கோடம்பாக்கம் இருக்கிற ஊரில் இந்த உழைப்புக்கு ஆளுக்கா பஞ்சம்? காலடிச் சத்தம் முதல் கதவு கிறீச்சிடுவது வரை வாயாலும் கையாலும் உண்டாக்கத் தெரிந்தவர்கள், குரல் நடிகர்கள், ஒலிப்பொறியாளர்கள் என்று நாட்டிலேயே தேர்ந்தவர்கள் பலர் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்குக் கூலி கொடுக்கத்தான் நிதி வேண்டும்.

மழைநீர் வடிகாலுக்கே பணம் போதாதபோது கதைக்கா என்ற கேள்வி மன்றத்தில் வரும். நியாயமான கேள்வி. என் தெருவிலும் தண்ணீர் நிற்கிறது. வடிகால் பணத்தை நான் கேட்கவில்லை. வடிகாலோடு சேர்த்து நீங்கள் பூங்காவுக்கும் சிலைக்கும் சுவர் ஓவியத்துக்கும் விழாவுக்கும் செலவு செய்கிறீர்கள், அந்த வரிசையில் இதற்கும் ஓர் இடம் கேட்கிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓட்டேரி நல்லா என்கிற கால்வாயில் தண்ணீர் முதலில் எந்தப் பக்கம் ஏறும், எந்தத் தெரு முன்பு குளமாக இருந்தது என்று நான் பதிந்த பெரியவர்கள் கேட்காமலேயே சொல்கிறார்கள். உங்கள் பொறியாளர்களுக்கும் அது உதவும்.

நிதி எப்படி நடக்க வேண்டும் என்பதில் எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. பேசுகிறவருக்குப் பணம் தர வேண்டும். பொன்னாடையும் சான்றிதழும் போதாது. குரல் அவருடையது. அவரோ குடும்பமோ வேண்டாம் என்றால் பொதுவெளியிலிருந்து எடுத்துவிட வழி இருக்க வேண்டும். மற்றபடி எல்லாருக்கும் கட்டணமில்லாமல் திறந்திருக்க வேண்டும். இதற்கும் நம்மிடம் முன்னுதாரணம் உண்டு. பாரதி பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை ஒரு காலத்தில் ஏவி. மெய்யப்ப செட்டியாரிடம் இருந்தது. 1949-ல் அரசு பாரதி படைப்புகளின் உரிமையைப் பெற்று, பின்பு எல்லாருக்கும் பொதுவாக்கியது. இன்றைக்கு எந்தப் பள்ளி ஆண்டுவிழாவிலும் யாரையும் கேட்காமல் பாடுகிறோம்.

யாருக்கு நிதி என்று முடிவு செய்வதை அதிகாரிகளிடமோ கவுன்சிலர்களிடமோ மட்டும் விடாதீர்கள். ஒலித்துறையினர், வரலாறு தெரிந்தவர்கள், அந்தந்தப் பகுதி மக்கள் கொண்ட குழு முடிவு செய்யட்டும், காரணங்களை வெளியிடட்டும். இது மாநகராட்சியின் சாதனை விளக்கமாக ஆகிவிடவே கூடாது. குடியிருந்த இடத்திலிருந்து அகற்றிக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்கள் பேசினால் அரசின் மீதும் உங்கள் மீதும் கோபமாகத்தான் பேசுவார்கள். தூய்மைப் பணியாளர்கள் பேசினாலும் அப்படித்தான். அந்தக் கோபத்தை வெட்டாமல் வைக்கும் துணிவு இருந்தால் மட்டும் இதைத் தொடங்குங்கள்.

ஆட்சி மாறினால் நின்றுபோகாதபடியும் பார்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் 1967-ல் சட்டம் போட்டுப் பொது ஒலிபரப்புக்கு நிதி கொடுத்து வந்தார்கள். 2025 ஜூலையில் அந்நாட்டு நாடாளுமன்றம் ஏற்கெனவே ஒதுக்கிய 110 கோடி டாலரைத் திரும்பப் பெற்றது, நிதியை வழங்கிவந்த அமைப்பே கலைக்கப்படும் நிலைக்குப் போனது. அவ்வளவு பெரிய ஏற்பாட்டுக்கே அந்தக் கதி என்றால் நமக்கு வருடாவருட ஒதுக்கீடு மட்டும் போதாது. ஒரு பகுதியை வைப்பு நிதியாகப் போட்டு, வட்டியிலிருந்து பாதுகாப்பு வேலையாவது நிற்காமல் நடக்கும்படி தீர்மானம் போடுங்கள். சொத்து வரியோடு நாங்கள் நூலக வரியும் கட்டுகிறோம். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த வரி அது. நூலகம் என்றால் அச்சிட்ட புத்தகம் என்றிருந்த காலம். அதில் ஒரு சிறு பங்கை ஒலித்தொகுப்புக்கும் செலவிட வழி செய்யுமாறு மாநில அரசைக் கேட்டு மன்றம் தீர்மானம் நிறைவேற்றலாம்.

கேட்க வைப்பது பெரிய சிரமமே இல்லை. சென்னைப் பள்ளிகளில் ஒலிபெருக்கி இருக்கிறது. பூங்காக்கள் இருக்கின்றன. அண்ணா பல்கலைக்கழகம் 2004 பிப்ரவரி 1-ல் தொடங்கிய வளாகச் சமுதாய வானொலி, நாட்டிலேயே அந்த வகையில் முதலாவது, இதே ஊரில்தான் இருக்கிறது. கண் தெரியாத வாசகர்கள் எத்தனையோ பேர் தமிழில் கேட்க ஏதாவது வராதா என்று காத்திருக்கிறார்கள்.

200 வார்டுகளிலும் ஒரே நேரத்தில் தொடங்கச் சொல்லவில்லை. முதல் வருடம் பத்து வார்டு போதும். வடசென்னையிலிருந்து தொடங்குங்கள் என்பது என் வேண்டுகோள், அங்கேதான் அவசரம் அதிகம். நிதிநிலை அறிக்கை தயாராவதற்கு முன், கல்வி நிலைக்குழுவிலோ வரிவிதிப்பு மற்றும் நிதி நிலைக்குழுவிலோ பதினைந்து நிமிடம் ஒதுக்கித் தாருங்கள். செலவுக் கணக்கோடும் அந்தப் பெரியவரின் பதிவோடும் வந்து நிற்கிறேன்.

இப்படிக்கு,
பெரம்பூரிலிருந்து ஓர் ஒலிப்பதிவாளர்