உயிருள்ளதை மேசையில் வையுங்கள்: பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். முதலாமாண்டு உயிரியலுக்கான உங்கள் திருத்திய பாடத்திட்டம் கைக்கு வந்தது. எதற்காக எழுதுகிறேன் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். உயிரினப் பன்மை கடைசி அலகாகத் தள்ளப்பட்டிருக்கிறது. அதில் பாதி சுயகற்றலாம். அதற்கான செய்முறை வகுப்புகளுக்குப் பதிலாகப் படத்தொகுப்பு போதும் என்று கீழே ஒரு வரி. அந்த ஒரு வரியைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

உங்கள் நெருக்கடி புரியாமல் இல்லை. மூலக்கூறு உயிரியல் வளர்ந்துகொண்டே போகிறது. மரபணுத் தொழில்நுட்பத்தைச் சேர்க்காமல் இருக்க முடியாது. பருவத்தில் இருக்கும் வாரங்களோ கூடப்போவதில்லை. எதையாவது வெட்டித்தான் ஆக வேண்டும், சரி. ஆனால் ஒவ்வொரு திருத்தத்திலும் வெட்டு ஏன் இதே இடத்தில் விழுகிறது? என் வேண்டுகோள் ஒன்றுதான்: இந்த அலகின் செய்முறை நேரத்தைத் திருப்பிக் கொடுங்கள். அந்த நேரத்தில் மாணவர் முன்னால் உயிருள்ள ஒன்று இருக்க வேண்டும் என்று பாடத்திட்டத்திலேயே எழுதிவையுங்கள்.

இருக்கிற நிலைமையே எப்படி என்று ஒரு சம்பவம் சொல்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் அசிடியன் என்ற கடல் பிராணி ஒன்று ஃபார்மலினில் பல காலமாக இருக்கிறது. ஜாடி கசிய ஆரம்பித்ததால் செய்முறைத் தேர்வுக்குச் சற்று முன்பு அதைப் புது ஜாடிக்கு மாற்றினோம். தேர்வன்று அதன் முன்னால் வந்து நின்ற மாணவர்களில் பெரும்பாலோர் கடற்பஞ்சு என்று எழுதினார்கள். சிலர் ஒன்றுமே எழுதவில்லை. ஒரு மாணவி, நன்றாகப் படிக்கிற பெண், தேர்வு முடிந்ததும் என்னிடம் வந்து, "பழைய ஜாடியை எடுத்துட்டீங்களா?" என்று கேட்டாள். அப்புறம்தான் விவரம் வந்தது. விளிம்பில் விரிசல் விட்ட, மூடி மஞ்சளித்துப்போன ஜாடி என்றால் அசிடியன். அடியில் வண்டல் தங்கியிருந்தால் கடற்சாமந்தி. சீனியர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவரும் பாடம் இது. உள்ளே இருக்கும் உயிரை யாரும் பார்க்கவில்லை, கண்ணாடியைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

அந்த மாணவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. பெயருக்கு ஒரு மதிப்பெண், எந்தத் தொகுதி என்பதற்கு ஒன்று, இரண்டு பண்புகளுக்கு மீதி என்று நாம்தான் வகுத்துவைத்திருக்கிறோம். தேர்வு கேட்டதை அவர்கள் கொடுத்தார்கள். ரெக்கார்டு நோட்டிலும் இதே கதைதான். நுண்ணோக்கியைப் பார்த்து வரைய நேரம் கிடையாது, போன வருடத்து நோட்டைப் பார்த்து வரைகிறார்கள். அதில் இருக்கும் தவறும் சேர்ந்தே வருகிறது, அதற்கும் நாம் கையெழுத்துப் போடுகிறோம்.

இத்தனைக்கும் அந்த அசிடியன் சாதாரணப் பிராணி இல்லை. வளர்ந்த நிலையில் பாறையில் ஒட்டிக்கிடக்கும் வெறும் பை போலத் தெரியும். அதன் இளம் பருவம் தலைப்பிரட்டை மாதிரி வாலாட்டி நீந்தும். வாலுக்குள் முதுகுநாண், அதாவது முதுகெலும்புக்கு முன்னோடியான வளையும் தண்டு, ஓடும், அதன் மேல்புறத்தில் நரம்புவடம். அலெக்சாண்டர் கோவலெவ்ஸ்கி 1866இல் இதை எடுத்துக்காட்டிய பிறகுதான் இந்தப் பை முதுகெலும்பிகளின் உறவினர் என்பது தெரியவந்தது. இன்றைய மரபணு ஒப்பீடுகளின்படி, பார்க்க மீன்போல இருக்கும் ஆம்ஃபியாக்ஸஸைவிட இதுதான் நமக்கு நெருக்கம். இந்தப் பிராணி ஏன் நம் தொகுதியில் இருக்கிறது என்று ஒரு மாணவர் வியந்து கேட்டிருக்க வேண்டும். வெளிறிப்போன பையை மட்டும் பார்த்தவருக்கு அந்தக் கேள்வி எங்கிருந்து வரும்? படத்தொகுப்பில் அந்த ஜாடியின் புகைப்படம்தான் இருக்கப்போகிறது. விரிசல்கூட அதில் தெரியாது.

உயிருள்ளது மேசைக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு பெரணி இலை போதும். இலையின் அடியில் பழுப்புப் புள்ளிகள் முற்றியிருக்கும் சமயத்தில் அதை ஊசியால் லேசாகச் சுரண்டி, தண்ணீர் விடாமல் ஸ்லைடில் போட்டு, குறைந்த உருப்பெருக்கத்தில் வைக்க வேண்டும். வித்துகளைச் சுமக்கும் சின்னச் சின்னப் பைகளான வித்தகங்கள், ஒவ்வொன்றின் முதுகிலும் தடித்த சுவர் கொண்ட செல்களின் வளையம். விளக்கின் சூட்டில் அந்தச் செல்களிலிருந்து நீர் ஆவியாகும். மெல்லிய வெளிச்சுவர்கள் உள்ளே இழுபட, வளையம் மெதுவாக நிமிர்ந்து பின்னோக்கி வளையும். வித்தகம் வாய் பிளக்கும். பார்ப்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, ஒரு கட்டத்தில் செல்களுக்குள் இருக்கும் நீரின் பிடி அறும். வளையம் படாரென்று முன்னுக்கு வரும். வித்துகள் பார்வைப் புலத்தை விட்டே பறந்துபோகும்.

இதைப் பார்த்துக் கத்தாத மாணவரை நான் பார்த்ததில்லை. பக்கத்து மேசைக்காரரைத் தள்ளிக்கொண்டு வந்து பார்ப்பார்கள். பிறகு கேள்விகள் வரும். தண்ணீர் விட்டால் என்ன ஆகும்? செத்த செல்லா இப்படி ஆடுகிறது? ஏன் வறண்ட நேரமாகப் பார்த்து எறிய வேண்டும்? விடுவிடுவென்று அவர்களே நீரின் இழுவிசை வரைக்கும் வந்துவிடுவார்கள். சாயம் ஏற்றிய நிரந்தர ஸ்லைடில் இதே வளையம் சிவப்பாக, அசையாமல் கிடக்கும். பாடநூலில் இதற்கு ஒரு வரி: வளையம் வித்து பரவ உதவுகிறது. அந்த வரியை மனப்பாடம் செய்வதற்கும் இதைக் கண்ணால் பார்ப்பதற்கும் உள்ள தூரத்தைத்தான் உங்களிடம் சொல்லப் பார்க்கிறேன்.

இதற்குப் பெரிய செலவு கிடையாது. சுவரோரம் பச்சையாகப் படரும் சிறு செடியான மாஸ், காய்ந்தது கொஞ்சம் எடுத்து ஊறவைத்துப் பிழிந்தால் வரும் ஒரு சொட்டில் ரோட்டிஃபர்கள் என்ற நுண்ணிய விலங்குகள் சக்கரம் சுழற்றிக்கொண்டிருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் எட்டுக் கால்களோடு ஒரு டார்டிகிரேடு, அதாவது நீர்க்கரடி, நடந்துபோகும். வைக்கோல் ஊறிய நீரைச் சில நாள் வைத்திருந்தால் முதலில் பாக்டீரியா, அடுத்து அவற்றைத் தின்னும் கசையிழை உயிரிகள், பிறகு பாரமீசியம் என்று ஒரு வரிசையே வரும். வேண்டியது நேரம்தான். நீங்கள் எடுத்திருப்பதும் அதைத்தான்.

பாடத்தின் உள்ளடக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். உயிரினங்களை எல்லாம் ஐந்து பெரும் குழுக்களாகப் பிரிக்கும், 1969இல் விட்டேக்கர் தந்த ஐந்துலக வகைப்பாட்டிலேயே நம் பாடத்திட்டம் இன்னும் நிற்கிறது. வோஸும் ஃபாக்ஸும் 1977இலேயே, பாக்டீரியா போலத் தெரியும் கரு இல்லாத நுண்ணுயிரிகளான ஆர்க்கியாக்களைப் பாக்டீரியாவிலிருந்து பிரித்துக் காட்டினார்கள். 1990இல் பாக்டீரியா, ஆர்க்கியா, கரு உள்ள செல்கள் கொண்டவை என்று மூன்று பெரும்பிரிவுகள் முன்வைக்கப்பட்டன. இவை புதுச் செய்திகள் இல்லை, என் மாணவர்கள் பிறப்பதற்கு முன்பே நடந்தவை. ஐந்துலகத்தை வரலாறாகச் சொல்லிக்கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதையே இன்றைய நிலவரமாகத் தேர்வில் கேட்பதுதான் தவறு.

பழைய பட்டியலில் வைத்துவிட்டால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்பவர்கள் உண்டு. உருளைக்கிழங்கைக் கருகவைக்கும் ஃபைட்டோஃப்தோராவைப் பாருங்கள். 1845இல் அயர்லாந்தில் தொடங்கிய பஞ்சத்துக்குப் பின்னால் இருந்த உயிரி அது. சுமார் 10 லட்சம் பேர் அந்தப் பஞ்சத்தில் இறந்தார்கள். உங்கள் படத்தொகுப்பு அதைப் பூஞ்சைப் பக்கத்தில் வைத்திருக்கிறது. நூல் நூலாக வளர்வதால் பார்க்கப் பூஞ்சை போலத்தான் இருக்கும். ஆனால் அதன் செல்சுவரில் முக்கியமாக இருப்பது பூஞ்சைகளின் சுவரில் இருக்கும் கைட்டின் இல்லை, செல்லுலோஸும் அதைச் சேர்ந்த குளுக்கன்களும். அதன் நெருங்கிய உறவினர்கள் பழுப்புப் பாசிகளும் டயாட்டம்களும். இந்த உறவு தெரிந்தால்தான், பூஞ்சைகளின் செல்சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டெரால் தயாரிப்பைத் தடுக்கும் பூஞ்சைக்கொல்லிகள் ஏன் இதனிடம் பலிப்பதில்லை என்பது புரியும். அந்தப் பொருளை இந்த உயிரி தயாரிப்பதே இல்லை. மலேரியா ஒட்டுண்ணியும் அப்படித்தான். அதற்குள் பாசி வழி வந்த ஒரு பச்சைய உறுப்பின் மிச்சம் இருக்கிறது, பச்சையம்தான் இல்லை. டாக்சிசைக்ளின் என்ற மருந்து வேலை செய்வது அந்த மிச்சத்தின்மேல்தான். யாருக்கு யார் உறவு என்பது மருந்து வரைக்கும் போகிற விஷயம். மருத்துவம் படிக்கப் போகிற பிள்ளைகளுக்குப் பன்மைப் பாடம் எதற்கு என்று கேட்பவர்கள் இதையாவது யோசிக்க வேண்டும்.

எனக்கு வருத்தம் இதோடு நிற்கவில்லை. 2011இல் வந்த ஒரு மதிப்பீடு, நம்மைப் போலக் கரு உள்ள செல்களால் ஆன உயிரினங்கள் சுமார் 87 லட்சம் இருக்கும் என்றது. அப்போது பட்டியலில் ஏறியிருந்தவை சுமார் 12 லட்சம். மீதியை யார் பார்த்து எழுதப்போகிறார்கள்? வகைப்பாட்டியலுக்கு ஆள் இல்லை என்று கருத்தரங்குக்குக் கருத்தரங்கு புலம்புகிறோம். பெயர் வைப்பதற்கு முன்பே இனங்கள் அழிகின்றன என்று கவலைப்படுகிறோம். அந்த வேலைக்கு வரக்கூடிய பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு மட்டும் ஒரு தத்துப்பூச்சியைக்கூடக் கையில் கொடுப்பதில்லை. செய்முறை வகுப்பு எடுக்காதவர்கள் மட்டுமே உட்கார்ந்து செய்முறையைத் தீர்மானித்தால் இப்படித்தான் முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது. குழு எப்படி அமைய வேண்டும் என்பது வேறு கடிதத்துக்கான விஷயம். இங்கே என் வேண்டுகோளோடு நிற்கிறேன்.

இரண்டு விளக்கங்கள் மட்டும். விலங்குகளை அறுக்கும் பழைய செய்முறையைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. அது போனது நல்லதே. நான் கேட்கும் எதற்கும் ஓர் உயிரைக் கொல்ல வேண்டியதில்லை. மாஸ் எடுத்த இடத்திலேயே அதைத் திரும்ப வைத்துவிடலாம். அடுத்தது, படங்கள்மேல் எனக்குப் பகை இல்லை. ஆழ்கடல் வெந்நீர் ஊற்றருகே வாழும் குழாய்ப் புழுவை நம் கல்லூரி ஆய்வகங்களுக்குக் கொண்டுவர முடியாது, அதற்குப் படமும் காணொளியும் தாராளமாக இருக்கட்டும். கைக்கு எட்டுவதற்கும் படமே போதும் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆகவே தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். செய்முறை நேரத்தைத் திருப்பிக் கொடுங்கள். முழுவதும் முடியாது என்றால் பாதியையாவது கொடுங்கள், அதில் ஒவ்வொரு பெரும் குழுவிலிருந்தும் உயிருள்ள ஒன்றையாவது மாணவர் பார்த்து வரைய வேண்டும் என்று விதியாக எழுதுங்கள். தேர்வில் ஜாடிக்குப் பதிலாக அவர்கள் இதுவரை பார்த்திராத ஓர் உயிரினத்தை வைத்து, என்ன தெரிகிறது, எந்தக் குழுவாக இருக்கலாம், ஏன் அப்படி நினைக்கிறீர்கள் என்று கேளுங்கள். பெயர் தவறினாலும் காரணம் சரியாக இருந்தால் மதிப்பெண் கொடுங்கள். செலவில்லாமல் செய்யக்கூடிய செய்முறைகளின் பட்டியலைத் தயாரித்துத் தர நானும் என்னைப் போன்ற ஆசிரியர்கள் பலரும் தயார். உங்கள் அடுத்த கூட்டத்துக்கு முன்பாகவே அதை அனுப்பிவைக்கிறோம். அதைப் படித்துவிட்டு, படத்தொகுப்பு போதும் என்ற அந்த வரியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
முதலாமாண்டு உயிரியல் வகுப்பு எடுக்கும் ஓர் ஆசிரியர்